காட்டுக் கொட்டையும் கற்பகதருவும்

வெப்பமண்டலப் பழ, கொட்டைப் பயிர்களின் பொருளாதார வளம் குறித்த உரை



சிட்னியின் வென்ற்வேர்த்வில், துங்காபி, பெண்டில் ஹில் போன்ற இடங்களிலும் மெல்பேர்ணின் டண்டினோங் பகுதியிலும் உள்ள தமிழ்க் கடைகளில் ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி ஆகியன சிறு பொதிகளில் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்குவோர் பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்கள். அதே வீதியிலுள்ள பேரங்காடியில் மக்கடேமியா என்னும் கொட்டை விற்கப்படுகின்றது. அதனை எல்லா இனத்தவரும் வாங்குகின்றனர். உலகில் விலை கூடிய கொட்டைகளுள் அதுவும் ஒன்று.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் மக்கடேமியாவுக்கு வணிக உலகில் இடமே இருக்கவில்லை. பனையோ பல நூற்றாண்டுகளாக ஒரு மக்கட் கூட்டத்துக்கு உணவும் கூரையும் பாயும் பெட்டியும் கொடுத்து வந்த மரம். அப்படியிருக்க, காட்டில் கிடந்த கொட்டை உலகப் பண்டமாகவும், கற்பகதரு என்று போற்றப்பட்ட மரம் ஊர் நினைவை மீட்கும் பொருளாகவும் ஆனது எவ்வாறு? இவ்வுரை அந்தக் கேள்விக்கு விடை தேடுகின்றது. அந்த விடையில் புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

மெல்பேர்ணில் பிறந்த பெயர்

மக்கடேமியா அவுஸ்திரேலியாவின் சொந்த மரம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்கிலும் குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கிலும் உள்ள மழைக்காடுகளே அதன் தாயகம். அந்நிலத்தின் பூர்வகுடி மக்கள் அதனை நெடுங்காலமாக உண்டும் தமக்குள் பண்டமாற்றுச் செய்தும் வந்தனர். ஜிண்டில்லி முதலிய பெயர்கள் அவர்களுடையவை. ஆயினும் உலகம் இன்று வழங்கும் பெயர் மெல்பேர்ணில் இடப்பட்டது. மெல்பேர்ண் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஃபேர்டினாண்ட் வொன் மியூலர் 1857ஆம் ஆண்டளவில் இம்மரத்தை விஞ்ஞான முறையில் விவரித்தார். அந்நகரின் இரசாயன அறிஞரும் அரசியல்வாதியுமான ஜோன் மக்கடம் அவரது நண்பர். அவர் பெயரையே மரத்துக்கும் சூட்டினார். அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தின் தொடக்கம் எனக் கருதப்படும் 1858ஆம் ஆண்டுப் பாடசாலைப் போட்டியில் நடுவர்களுள் ஒருவராக நின்றவரும் இதே மக்கடம் ஆவார்.

1858இல் பிரிஸ்பேன் தாவரவியற் பூங்காவின் பொறுப்பாளர் வோல்ற்றர் ஹில் ஒரு மக்கடேமியாக் கன்றை நட்டார். அம்மரம் இன்றும் நிற்கின்றது. அக்காலத்தில் அக்கொட்டை நஞ்சோ என்ற ஐயம் ஐரோப்பியருக்கு இருந்தது. உடனிருந்த இளைஞன் ஒருவன் அதனை உண்டு உயிரோடிருந்ததைக் கண்ட பின்னரே ஹில் அதன் சுவையை நம்பினார் என்று கூறப்படுகின்றது. பூர்வகுடி மக்களிடம் கேட்டிருந்தால் அந்த ஐயமே எழுந்திராது. ஒரு மரத்தைப் பற்றிய அறிவு அம்மரத்தோடு வாழ்ந்தவர்களிடம் இருக்கும்; அதனை மதித்துக் கேட்பவரே காலத்தை மிச்சப்படுத்துவர்.

1880களில் லிஸ்மோர் நகருக்கு அண்மையில் சிறு அளவில் முதல் தோட்டம் எழுந்தது. ஆனால் அதன் பின்னர் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் மக்கடேமியா பின்வளவுகளிலேயே நின்றது. மரம் இருந்தது, மண்ணும் மழையும் இருந்தன. தொழில் மட்டும் எழவில்லை.

ஹவாய் தீவுகள் செய்த வேலை

தொழில் வேறோர் இடத்தில் எழுந்தது. 1880களின் தொடக்கத்தில் குயின்ஸ்லாந்து விதைகள் ஹவாய்த் தீவுகளைச் சென்றடைந்தன. முதலில் அவை அழகுக்காகவும் காற்றுத் தடுப்பு வேலியாகவுமே வளர்க்கப்பட்டன. 1920களில் தோட்டங்கள் தோன்றியபோது ஒரு பெரிய குறை வெளிப்பட்டது. விதையிலிருந்து முளைத்த மரங்களுள் ஒன்று போல் மற்றொன்று இருக்கவில்லை. ஒரு மரத்தின் கொட்டைக்கு ஓடு தடிப்பு, இன்னொன்றில் பருப்புச் சிறிது, மூன்றாவது காய்ப்பதே அரிது. இவ்வாறான விளைச்சலை இயந்திரத்திலிட்டு உடைக்கவும் தரம் பிரிக்கவும் இயலாது.

தீர்வு ஒட்டுக்கன்று. ஆனால் மக்கடேமியாவின் கிளை எளிதில் ஒட்டுவதில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் விவசாய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 1930களில் அதற்கு வழி கண்டனர். ஒட்டுக்காக வெட்டவிருக்கும் கிளையின் பட்டையைச் சில வாரங்களுக்கு முன்னரே வளையமாக நீக்கிவிட்டால், இலைகள் ஆக்கும் மாப்பொருள் கீழே இறங்காமல் அக்கிளையிலேயே தேங்கும். அவ்வாறு உரமேறிய கிளை ஒட்டில் உயிர் பிடித்தது. ஒரு கத்தியும் பொறுமையும் போதுமான இந்த நுட்பமே தொழிலின் கதவைத் திறந்தது எனலாம்.

ஒட்டத் தகுந்த தாய் மரங்களைக் கண்டெடுப்பது அடுத்த வேலை. பல்லாயிரக்கணக்கான மரங்கள் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்பட்டன. எந்த மரம் எத்தனை கிலோ காய்த்தது, கொட்டையின் எடையில் எத்தனை வீதம் பருப்பு, பருப்பு முழுதாக வெளிவருகின்றதா என்பன எழுதி வைக்கப்பட்டன. 1948இல் ஐந்து வர்க்கங்கள் பெயரிட்டு வெளியிடப்பட்டன. கியாஹோ, காக்கியா என்பன அவற்றுட் சில. அதே ஆண்டில் காஸில் அண்ட் குக் நிறுவனம் கியாவு என்னுமிடத்திற் பெருந்தோட்டத்தைத் தொடங்கியது. சொக்கலேற்றில் தோய்த்த மக்கடேமியா, ஹவாய்க்குச் சென்று திரும்புவோர் வாங்கி வரும் அன்பளிப்பாயிற்று. அக்கொட்டை ஹவாய்த் தீவுகளுக்கே உரியது என்று உலகில் பலர் நம்பும் நிலையும் வந்தது.

1960களில் சிட்னியைத் தலைமையகமாகக் கொண்ட சீ.எஸ்.ஆர். என்னும் சீனி நிறுவனம் அவுஸ்திரேலியாவில் மக்கடேமியாத் தோட்டங்களை நிறுவ முன்வந்தது. அக்காலத்தில் எழுந்த தோட்டங்கள் பெரிதும் ஹவாயில் தெரிவு செய்யப்பட்ட வர்க்கங்களையே நம்பியிருந்தன. தன் காட்டு மரத்தின் பிள்ளைகளை அவுஸ்திரேலியா கடல் கடந்து வரவழைக்க நேர்ந்தது.

2019ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்று இதற்கு ஒரு பின்னுரை எழுதியது. ஹவாயில் உருவான வர்க்கங்களின் மூலம் குயின்ஸ்லாந்தின் ஜிம்பி நகருக்கு அண்மையில் உள்ள மிகச் சிறிய ஓரிடத்து மரங்களே, ஒரு வேளை ஒரே மரமாகவும் இருக்கலாம் என்று அது காட்டியது. உலகெங்கும் பயிராகும் மக்கடேமியாவின் பெரும் பகுதி அத்துணை குறுகிய அடித்தளத்தில் நிற்கின்றது. புதிய நோய் வந்தால் எதிர்த்து நிற்கும் குணத்தைக் காட்டு மரங்களிலேயே தேட வேண்டும். ஆனால் மக்கடேமியாவின் நான்கு காட்டு இனங்களும் இன்று அருகி வருபவையாகவே பதிவாகியுள்ளன. 1983இல் கண்டறியப்பட்ட நான்காவது இனத்தில் காட்டில் எஞ்சியிருப்பவை நூறு மரங்களளவே.

ஒவ்வொரு கிலோவுக்கும் சில சதம்

அவுஸ்திரேலியா பின்னர் முந்திக்கொண்டது. குயின்ஸ்லாந்தில் நோர்ம் கிரேபர் என்பவர் பல பத்தாண்டுகள் மரங்களைத் தெரிவு செய்தும் ஒட்டியும் வந்தார். பீர்வா என்னுமிடத்தில் ஹென்றி பெல் உள்நாட்டு வர்க்கங்களை உருவாக்கினார். 1990களின் பிற்பகுதியில் உற்பத்தியில் அவுஸ்திரேலியா ஹவாயை விஞ்சியது. இன்று கொட்டையோடு நிறுத்தால் ஆண்டொன்றுக்குச் சுமார் 50,000 தொன் விளைகின்றது. பண்டபேர்க் அதன் முதன்மையான மாவட்டமாகத் திகழ்கின்றது.

தனி மனிதரின் உழைப்பு மட்டும் இதனைச் சாதிக்கவில்லை. 1974இல் பயிர்ச்செய்கையாளர் ஒன்றுகூடி அவுஸ்திரேலிய மக்கடேமியாச் சங்கத்தை அமைத்தனர். விற்கப்படும் ஒவ்வொரு கிலோவுக்கும் சில சதம் வீதம் தாமே ஒரு தீர்வை செலுத்தும் ஏற்பாட்டுக்கும் உடன்பட்டனர். அத்தீர்வையின் ஆராய்ச்சிப் பங்குக்கு ஈடாக மத்திய அரசும் பணம் இடுகின்றது. மாம்பழம், வாழை, அவகாடோ முதலிய பயிர்களுக்கும் இத்தகைய தீர்வை உண்டு. சிட்னியில் தலைமையகம் கொண்ட ஹோர்ட் இன்னொவேஷன் என்னும் அமைப்பு அந்நிதியை நிருவகிக்கின்றது. புதிய வர்க்கங்களும் பூச்சிக் கட்டுப்பாடும் வெளிநாட்டுச் சந்தை ஆய்வும் அந்நிதியிலிருந்து பிறப்பவை. நூறு ஏக்கர்க்காரரும் பத்து ஏக்கர்க்காரரும் ஒரே ஆராய்ச்சியின் பயனைப் பெறுகின்றனர்.

ஒரு பயிர் பொருளாதாரமாவதற்கு நான்கு படிகள் உண்டு என்பதை இக்கதை காட்டுகின்றது. நல்ல தாய் மரத்தைக் கண்டறிதல், அதன் குணம் மாறாமல் பெருக்குதல், விளைச்சலைப் பதப்படுத்தித் தரம் பிரித்தல், பயிரிடுவோர் கூடி ஆராய்ச்சிக்கும் சந்தைக்கும் முதலிடுதல். மண்வளம் இந்நான்குக்கும் முன்னே உள்ளது. ஆனால் மண்வளம் மட்டும் இருந்த எண்பது ஆண்டுகளில் மக்கடேமியா எதுவும் ஆகவில்லை.

இலாபக் கணக்கின் மறுபக்கம்

இத்தகைய கதைகளைக் கேட்டு உடனே காணி வாங்கப் புறப்படுவோருக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மக்கடேமியா நட்டு நான்கைந்து ஆண்டுகளின் பின்னரே காய்க்கத் தொடங்கும். முழு விளைச்சலுக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். இன்றைய விலையை நம்பி நடுபவர் பத்தாண்டுக்குப் பின்னுள்ள விலைக்கே விற்கின்றார். தென்னாபிரிக்கா 2010களில் பெரும் உற்பத்தி நாடாயிற்று. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் மிகப் பரந்த நிலப்பரப்பில் மக்கடேமியா நடப்பட்டது. உலகெங்கும் விளைச்சல் பெருகியபோது, 2023இல் அவுஸ்திரேலியப் பயிர்ச்செய்கையாளருக்குக் கிடைத்த விலை ஈராண்டுக்கு முன்னிருந்ததன் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. சிலர் காய்த்த மரங்களையே பிடுங்கினர்.

மெல்பேர்ண் வாழ் மக்கள் இன்னொரு பாடத்தையும் மறந்திருக்க மாட்டார்கள். ரிம்பர்கோர்ப் என்னும் அந்நகர் நிறுவனம் வாதுமை, ஒலிவ் முதலிய தோட்டங்களில் பொதுமக்களைப் பங்காளராக்கியது. வரிச் சலுகையை நம்பி ஆயிரக்கணக்கானோர் கடன் பெற்று முதலிட்டனர். 2009 ஏப்ரலில் நிறுவனம் வீழ்ந்தது. தோட்டம் கைவிட்டுப் போன பின்னரும் கடன் அவர்களைத் தொடர்ந்தது. மரத்தைத் தாமே காணாமல், கணக்கைத் தாமே படிக்காமல் செய்யப்படும் தோட்ட முதலீடு எந்த நாட்டிலும் ஆபத்தானது. தாயகத்தில் காணி வாங்கித் தோட்டம் போடுமாறு வரும் அழைப்புகளுக்கும் இது பொருந்தும்.

மாவும் மரமுந்திரிகையும்

அந்நான்கு படிகளையும் அளவுகோலாகக் கொண்டு தமிழர் தாயகத்தின் பயிர்களைப் பார்த்தல் பயன் தரும்.

அவுஸ்திரேலியரின் விருப்பத்துக்குரிய கென்சிங்டன் பிரைட் மாம்பழம் குயின்ஸ்லாந்தின் போவன் துறைமுகப் பகுதியில் பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவோடு நடந்த கப்பல் வாணிகத்தின் வழியே அதன் மூலவிதை வந்திருக்கலாம் எனக் கருதுகின்றனர். அதாவது, அதுவும் ஒரு புலம்பெயர்ந்த பழமே. போவன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஆர்2ஈ2 என்னும் பெரிய மாம்பழத்துக்கு, தோட்டத்தில் அதன் தாய் மரம் நின்ற இடத்தின் குறியீடே பெயராக நிலைத்துவிட்டது. ஆண்டுதோறும் பருவத்தின் முதற் பெட்டி மாம்பழம் சிட்னிச் சந்தையில் தர்ம காரியத்துக்காக ஏலம் விடப்படுவதும், அது செய்தியாவதும் வழக்கம். பழம் சந்தைக்கு வருமுன்னரே அதன் பெயர் வந்துவிடுகின்றது.

யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் சுவையில் எந்தப் பழத்துக்கும் இளைத்ததன்று. அம்பலவி, விலாட்டு, செம்பாட்டான், வெள்ளைக்கொழும்பான் என்று வீட்டு வளவுகளில் நின்ற வகைகளும் பல. ஆனால் அவற்றின் தாய் மரங்கள் எங்கே நிற்கின்றன, எது சிறந்தது, எது நோய் தாங்கும் என்னும் பதிவு முழுமையாக இல்லை. 1990இல் மக்கள் வெளியேற்றப்பட்டு, உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்ட வலிகாமம் வடக்கின் காணிகள் 2009க்குப் பின்னர் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிச் சென்றோர் பலர் வீட்டையும் காணவில்லை, வீட்டு வாசலில் நின்ற மாமரத்தையும் காணவில்லை. எந்த ஆய்வுகூடமும் பதிவு செய்யாத ஒரு மரம் வெட்டப்படும்போது, ஒரு குடும்பத்தின் நிழலோடு ஒரு வர்க்கமும் அழிந்துபோகக் கூடும். ஜிம்பிக்கு அண்மையில் நின்ற அந்த ஒரு மரத்தை யாரேனும் விதை எடுக்குமுன் வெட்டியிருந்தால் இன்றைய மக்கடேமியாத் தொழில் எவ்வாறு அமைந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இந்த இழப்பின் அளவு புரியும்.

மரமுந்திரிகை பதப்படுத்தலின் பெறுமதியைக் காட்டும் பயிர். ஐவரி கோஸ்ற் உலகிலேயே மிகுதியாக மரமுந்திரிகை விளைவிக்கும் நாடாக வளர்ந்தது. எனினும் அதன் விளைச்சலின் பெரும் பகுதி உடைக்கப்படாமலே வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறி வந்துள்ளது. ஓட்டிலுள்ள நெய் தோலைச் சுட்டெரிக்கும்; ஆகையால் உடைத்துப் பருப்பெடுப்பது கடினமான வேலை. அவ்வேலைக்கு இயந்திரங்களையும் தொழிலாளரையும் ஒழுங்குபடுத்திய வியட்நாம், 2000களின் நடுப்பகுதியிலிருந்து பருப்பு ஏற்றுமதியில் முதலிடம் வகிக்கின்றது. காய்த்தவருக்கு ஒரு பங்கு, உடைத்தவருக்கு மறுபங்கு. மன்னார் மாவட்டத்தின் கொண்டச்சியிலும் கிழக்கு மாகாணத்தின் மணற்பாங்கான நிலங்களிலும் மரமுந்திரிகை நன்கு வளரும் என்பது பல காலமாக அறியப்பட்ட செய்தி. அங்கு விளைவதை அங்கேயே உடைத்து, வறுத்து, பொதி செய்யும் சிறு ஆலைகள் எத்தனை என்பதே பொருளாதாரக் கேள்வி.

பனை: வளமும் தடையும்

பனையின் கதை இவற்றினும் வேறானது. ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட பனைகள் நின்றன என்பது பழைய மதிப்பீடு. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனங்குற்றிகளே கூரையாகின. எறிகணைகளில் தலையிழந்த பனைகளும் எண்ணற்றவை. நீர் ஊற்றாமலும் உரம் இடாமலும் வறண்ட நிலத்தில் நிற்கக்கூடிய மரம் அது. உரத்தாலும் மிகை இறைப்பாலும் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் நன்னீரில் நைத்திரேற்று மிகுந்து வரும் காலத்தில் இக்குணம் சிறியதன்று.

ஆனால் பனையை மக்கடேமியாவைப் போல் ஒட்ட முடியாது. ஒட்டுச் சேர்வதற்கு வேண்டிய வளரிழையப் படை பனை இன மரங்களில் இல்லை. பனையில் ஆண் மரமும் பெண் மரமும் வேறு. பாளை விடும் வரை எது ஆண், எது பெண் என்று தெரியாது. பாளை விடப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் செல்லும். ஆகவே பனையில் தெரிவு என்பது விதைத் தெரிவே. ஒருவர் தொடங்கி அவர் பிள்ளை முடிக்க வேண்டிய வேலை. தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர் அவ்வழியே குட்டையான எஸ்.வி.பி.ஆர். 1 என்னும் வர்க்கத்தைத் தெரிவு செய்துள்ளனர்.

இலங்கையில் 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையம் இயங்குகின்றது. பனம் பழத்தின் களி கசப்பதற்குக் காரணமான ஃபிளாபெலிஃபெரின் என்னும் பொருள்களை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆண்டுதோறும் ஏராளமான பனம் பழங்கள் நிலத்தில் விழுந்து வீணாகின்றன. கசப்பு நீக்கப்பட்ட களி, பானத்துக்கும் பாகுக்கும் மூலப்பொருளாகும். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும் வடக்கில் உள்ளன. ஆக, அமைப்புகள் முற்றாக இல்லாமற் போகவில்லை.

குறைந்து வருவது மரத்தில் ஏறும் கைகளே. சீவல் தொழில் ஆபத்து நிறைந்தது. அதிலும் கொடியது, அத்தொழிலைச் செய்தவரைச் சமூகம் தாழ்வாக நடத்தியமை. எந்தத் தந்தையும் தன் மகன் இழிவு சுமக்க வேண்டும் என்று விரும்பான். பனையின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுவோர் இவ்வுண்மையைத் தவிர்த்துப் பேச இயலாது. பாதுகாப்பான ஏறு கருவியும், விபத்துக் காப்புறுதியும், நல்ல வருமானமும், அவற்றோடு மதிப்பும் கிடைத்தால் அன்றிப் புதியவர் எவரும் அத்தொழிலுக்கு வரப் போவதில்லை.

கம்போடியாவின் பனங்கட்டி

இது நடக்கக் கூடியதுதானா என்று ஐயுறுவோர் கம்போடியாவைப் பார்க்கலாம். போரும் படுகொலையும் கண்ட ஏழை நாடு அது. அங்கும் இதே பனைதான். அதுவே அந்நாட்டின் தேசிய மரமும் ஆகும். கொம்பொங் ஸ்பூ மாகாணத்தின் பனஞ்சீனி 2010இல் புவிசார் குறியீடு பெற்றது. உற்பத்தியாளர் சங்கமாகத் திரண்டனர். எந்த ஊர்களில் இறக்கிய பதநீர், எவ்வாறு காய்ச்ச வேண்டும் என்பன விதிகளாக எழுதப்பட்டன. கரும்புச் சீனி கலவாத தூய்மைக்கு அப்பெயரே உத்தரவாதமாயிற்று. 2019இல் ஐரோப்பிய ஒன்றியமும் அப்பெயருக்குப் பாதுகாப்பு அளித்தது. தமிழ்நாட்டில் உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிக்கும் ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் பெயர் இல்லாமல் இல்லை. அப்பெயரைக் காக்கும் எழுதப்பட்ட தரமும், அதனைச் சோதிக்கும் ஆய்வுகூடமும், தரம் தவறாத பொதியுமே வேண்டப்படுகின்றன. ஏறுபவரின் கூலி உயர்வதற்கும் அதுவே வழி. கலப்படச் சீனியோடு போட்டியிடும் பனங்கட்டிக்குக் கிடைப்பது கலப்படத்தின் விலையே.

புலம்பெயர்ந்தோர் செய்யக் கூடியவை

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தாயகத்தில் இன்னும் காணி உண்டு. வேலி அடைத்து, பூட்டுப் போட்டு, பற்றை வளர விட்ட காணிகள் அவற்றுட் பல. அக்காணிகளை விற்க மனம் வராதோர், அயலிலுள்ள பயிர்ச்செய்கையாளருக்கு எழுத்து மூலமான நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுக்கலாம். நாளை பறிக்கப்படும் என்று அஞ்சும் காணியில் யாரும் பழமரம் நடமாட்டார். கத்தரியும் மிளகாயுமே நடுவர். பத்து ஆண்டு உறுதி இருந்தால்தான் ஒட்டுமாங்கன்று மண்ணில் இறங்கும். உரிமை உரிமையாளரிடமே இருக்க, நிலம் உழைப்பவருக்குப் பயன்படும்.

இரண்டாவது, வாங்கும் கை. பனம் பொருள்களைத் தர்மமாக வாங்குவதிலும், தரம் கேட்டு வாங்குவதே உற்பத்தியாளருக்கு நீடித்த உதவியாகும். விளைந்த ஊர், பொதி செய்த திகதி, கலப்பின்மை ஆகியவற்றை வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் கடைக்காரரும் கேட்பார், ஏற்றுமதியாளரும் எழுதுவார். அவுஸ்திரேலியாவின் உணவுத் தர விதிகளைத் தாயகத்துச் சிறு உற்பத்தியாளருக்குத் தமிழில் விளக்கிக் கொடுப்பது, இங்குள்ள உணவு விஞ்ஞானப் பட்டதாரிகள் சிலர் ஒரு மாதத்தில் முடிக்கக் கூடிய தொண்டு.

மூன்றாவது, செய்யாமல் விட வேண்டிய ஒன்று. ஊர் மாம்பழ ஆசையில் விதையையோ கன்றையோ பயணப் பெட்டியில் மறைத்துக் கொண்டு வருதல் பெரும் தவறு. 2015இல் வட குயின்ஸ்லாந்தின் ரலி பகுதி வாழைத் தோட்டங்களில் பனாமா நோயின் கொடிய வகை கண்டறியப்பட்டது. 2022இல் நியூகாஸில் துறைமுகத்தில் வரோவா உண்ணி கண்டறியப்பட்டது. தேனீயை அழிக்கும் அவ்வுண்ணி மகரந்தச் சேர்க்கையை நம்பிய மக்கடேமியாவுக்கும் அச்சுறுத்தல். அவுஸ்திரேலியாவின் உயிரியற் பாதுகாப்பு விதிகள் கடுமையானவை. அவை ஓர் விவசாயியின் வாழ்நாள் உழைப்பைக் காப்பவை.

நான்காவது, படிப்பு. புலம்பெயர்ந்த பெற்றோர் தம் பிள்ளைகள் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வர விரும்புவது இயல்பே. போரில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் கல்வியையே கைம்முதலாகக் கொண்டு எழுந்தார்கள். ஆயினும் விவசாய விஞ்ஞானம் என்றவுடன் பெற்றோர் முகம் வாடும் வழக்கத்துக்கு இன்று காரணம் இல்லை. மக்கடேமியாவின் மரபணுத் தொகுதியை முதலில் வெளியிட்டவர்கள் லிஸ்மோரிலுள்ள சதேர்ன் குரொஸ் பல்கலைக்கழகத்தினர். வர்க்க உருவாக்கத்தில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் முன்னிற்கின்றது. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்துக்கு பேர்ண்லியிலும் டூக்கியிலும் இத்துறைக்கென்றே வளாகங்கள் உள்ளன. மரபியல், மண்ணியல், உணவுப் பொறியியல், ஏற்றுமதிச் சட்டம், சந்தைப்படுத்தல் யாவும் இந்த ஒரு துறைக்குள் அடங்கும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றது. சிட்னியில் மரபியல் கற்கும் மாணவி ஒருத்தி, அங்குள்ள மாணவருடன் சேர்ந்து யாழ்ப்பாணத்து வளவுகளில் எஞ்சியுள்ள பழைய மாமரங்களைப் பதிவு செய்யலாம், கொடிவழி அறியலாம். மெல்பேர்ணில் இயந்திரவியல் கற்கும் மாணவன் பனை ஏறு கருவியைத் தன் இறுதியாண்டுத் திட்டமாக எடுக்கலாம். பாட்டன் பாட்டியர் இன்னும் உயிரோடிருக்கும் வீடுகளில் அவ்வேலை இன்றே தொடங்கலாம். எந்த மரத்துப் பழம் எந்த மாதத்தில் கனிந்தது, ஒடியல் எவ்வாறு கிழித்துக் காயப் போடப்பட்டது, எந்தப் பனையின் பதநீர் இனிப்பு மிக்கது என்னும் அறிவு அவர்களிடம் உண்டு. அது எந்த நூலகத்திலும் முழுமையாக இல்லை. ஆண்டுதோறும் அவர்களுட் சிலரோடு அதுவும் மறைகின்றது.

மக்கடேமியாவுக்குக் காட்டிலிருந்து கடை வரை வர ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. பனைக்கு அத்துணை காலம் வேண்டியதில்லை. மற்றவர் கற்ற பாடங்கள் கண்முன் உள்ளன. ஆனால் இன்று ஊன்றும் பனம் விதை பாளை விடுவது 2040க்கு அண்மையில். இங்கு அமர்ந்திருக்கும் இளையோர் அப்பொழுது தம் பிள்ளைகளுக்குப் பெற்றோராக இருப்பர். ஆகவே விதையைத் தெரிவு செய்து ஊன்றும் வேலையைப் பெற்றோரும், அதன் பயனைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வேலையைப் பிள்ளைகளும் பகிர்ந்து கொள்ளலாம்.